இரவில் அந்தச் சாவி யாரிடம் இருக்கும்?

கேள்வி:

குடியாத்தத்தில் இருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு 68 வயது. நாற்பது வருடம் லுங்கித் தறியில் உட்கார்ந்தவர். இரண்டு வருடத்துக்கு முன் இடது கன்னத்தில் புற்றுநோய் என்று அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் செய்தோம். இப்போது அதே இடத்தில் திரும்பி வந்து, வெளியே புண்ணாகிவிட்டது. மூக்குக் குழாய் வழியாகத்தான் கஞ்சி கொடுக்கிறோம். "இனி நோய்க்கு மருந்து கொடுத்துப் பயன் இல்லை, வலி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார். அப்பாவிடம் இதை நாங்கள் சொல்லவில்லை. நான் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறேன். அம்மாவுக்கு மூட்டு வலி, குனிய முடியாது. மனைவிதான் எல்லாம் பார்க்கிறாள்.

காட்பாடிப் பக்கம் ஒரு ஹாஸ்பிஸ், அதாவது குணமாகாத நோயாளிகளை வலியில்லாமல் பார்த்துக்கொள்ளும் இல்லம், இருக்கிறது. டைல்ஸ் போட்ட புதுக் கட்டிடம், ஏசி அறை, மாதக் கட்டணம். இன்னொன்று ஒரு சிறிய அறக்கட்டளை. பழைய வீடொன்றில் ஆறு கட்டில் வைத்திருக்கிறார்கள். மாதம் இரண்டு முறை வேனில் நர்ஸ் வீட்டுக்கே வருவாராம். அக்கா முதல் இடம்தான் வேண்டும் என்கிறாள். சித்தப்பா, "உயிரோடு இருக்கிற அப்பனைச் சாகிற இடத்தில் தள்ளப் பார்க்கிறாயா?" என்கிறார். எதை வைத்து ஓர் இடம் நல்லது என்று முடிவு செய்வது?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

சித்தப்பா சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். அந்தச் சொல் முள்ளாகத் தைத்துக்கொண்டிருக்கும்வரை உங்களால் எந்த இடத்தையும் நிதானமாகப் பார்க்க முடியாது. முப்பத்தொரு ஆண்டுகள் செவிலியராக இருந்தேன். அதில் கடைசிப் பதினாறு ஆண்டுகள் வலி நிவாரண ஆதரவு சிகிச்சையில், குடியாத்தம், கே.வி.குப்பம், அணைக்கட்டுப் பக்கத்துக் கிராமங்களில் வீடு வீடாகப் போய்வந்தேன். பெற்றவர்களைத் தள்ளிவிட வந்த பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். எவ்வளவு ஆகும், எப்போது கொண்டுவந்து விடலாம் என்பதற்கு மேல் அவர்கள் எதையும் கேட்டதில்லை. எது நல்ல இடம் என்று உட்கார்ந்து கடிதம் எழுதும் மகன் எதையும் தள்ளிவிடவில்லை. அடுத்த முறை அப்பாவின் புண்ணுக்குக் கட்டு மாற்றும்போது சித்தப்பாவைப் பக்கத்தில் இருந்து கை கொடுக்கச் சொல்லுங்கள். என்ன தேவைப்படுகிறது என்று அவருக்கே புரிந்துவிடும்.

ஹாஸ்பிஸ் என்றால் சாகிற இடம் என்ற எண்ணம் படித்தவர்களிடமும் இருக்கிறது. 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் முதலில் செவிலியர், பிறகு சமூகப் பணியாளர், அதன்பிறகு மருத்துவம் படித்தவர். உடம்பின் வலி, மனதின் பயம், குடும்பத்தைப் பற்றிய கவலை, 'எனக்கு ஏன் இப்படி' என்று உள்ளுக்குள் கடவுளிடம் கேட்கும் கேள்வி, இவை எல்லாம் சேர்ந்ததுதான் ஒரு நோயாளியின் வலி என்று அவர் சொன்னார். நம் நாட்டில் 1986-இல் மும்பையில் முதல் ஹாஸ்பிஸ் வந்தது. 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய அமைப்பு, நோயாளியைக் கட்டிலுக்கு வரவைக்காமல் செவிலியரை அவர் வீட்டுத் திண்ணைக்கு அனுப்பும் வழக்கத்தைக் கேரளம் முழுவதும் பரப்பியது. அந்த அறக்கட்டளையின் வேன் அந்த வழியில் வந்ததுதான்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். இரண்டு இடங்களுக்கும் நேரில் போங்கள். கட்டிடத்தைச் சுற்றிக் காட்ட ஒருவர் வருவார். அவர் காட்டுவதையெல்லாம் பார்த்துவிட்டு, பொறுப்புச் செவிலியரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, அவரிடம் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: "இரவு இரண்டு மணிக்கு அப்பாவுக்கு வலி வந்தால், மார்பின் வைத்திருக்கும் அலமாரியின் சாவி யாரிடம் இருக்கும்?" மார்பின் என்பது அபினியிலிருந்து எடுக்கும், கடும் வலிக்குக் கொடுக்கும் மருந்து.

இந்தக் கேள்வியை எனக்குக் கற்றுக் கொடுத்தவர் பேரணாம்பட்டைச் சேர்ந்த ஓர் அம்மா. பீடி சுற்றியே மூன்று பெண்களைக் கரை சேர்த்தவர். மார்பகப் புற்று முதுகெலும்புக்குப் பரவியிருந்தது. மகள்களால் பார்த்துக்கொள்ள முடியாமல் ஓர் இல்லத்தில் சேர்த்திருந்தார்கள். அவரைப் பார்த்துவர ஒரு நாள் காலை ஏழு மணிக்குப் போனேன். அவர் கையில் ஒரு துண்டு இருந்தது. அதன் ஒரு மூலை நனைந்து, நூல் நூலாகப் பிரிந்திருந்தது. இரவு முழுக்கப் பக்கத்துக் கட்டில்காரர்களை எழுப்பிவிடக் கூடாது என்று துண்டைப் பல்லால் கடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். அவருக்கு எழுதிக் கொடுத்த மார்பின் மாத்திரை அந்தக் கட்டிடத்திலேயே இருந்தது. பதிவேட்டில் இருப்புக் கணக்கு ஒரு மாத்திரைகூடப் பிசகவில்லை. ஆனால் மேலாளர் பத்திரமாக இருக்கட்டும் என்று சாவியை வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தார். இரவுப் பணியில் இருந்தது பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி மட்டும். அவள் விடிய விடிய அந்த அம்மாவின் காலைப் பிடித்துவிட்டபடி உட்கார்ந்திருந்தாள். நான் போனபோது அவளும் அழுதுகொண்டிருந்தாள். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதன்பிறகு எந்த இடத்துக்குப் போனாலும் நான் முதலில் கேட்பது சாவியைத்தான்.

மருந்தைப் பூட்டி வைப்பதில் தவறில்லை. சட்டம் அப்படித்தான் சொல்கிறது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தால் மார்பின் வாங்கி வைக்கப் பல துறைகளின் உரிமங்கள் தேவைப்பட்டன. கடன்காரன் வீட்டுக்கு நடப்பதைப் போல அலுவலகங்களுக்கு நடந்து சலித்து, பல மருத்துவமனைகள் அந்த மருந்தே வேண்டாம் என்று விட்டுவிட்டன. மருந்துக்காக அபினியைச் சட்டப்படி பயிரிடும் மிகச் சில நாடுகளில் நம்முடையதும் ஒன்று. அதே நாட்டில் புற்றுநோயாளி துண்டைக் கடித்துக்கொண்டு கிடந்தார். 2014-இல் சட்டம் திருத்தப்பட்டது. 2015-இல் வந்த விதிகளின்படி, மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனம் மார்பின் உட்பட ஆறு வலி மருந்துகளை வாங்கி வைக்கலாம். ஆகவே, "உங்களுக்கு அந்த அங்கீகாரம் இருக்கிறதா?" என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. இல்லை என்றால், மார்பினை எங்கிருந்து, எத்தனை நாளில் வரவழைப்பார்கள் என்று கேளுங்கள். "எங்கள் இடத்தில் அதெல்லாம் தேவைப்படாது, ஊசி போட்டுவிடுவோம்" என்று பதில் வந்தால் வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள். கன்னத்தைத் துளைத்துக்கொண்டு வரும் புற்றின் வலி என்னவென்று அறிந்தவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள்.

மார்பினைப் பற்றி நீங்களும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்தால்தான் அவர்கள் பேசுவது சரியா என்று எடைபோட முடியும். சாதாரண மார்பின் மாத்திரையின் வேலை ஏறக்குறைய நான்கு மணி நேரம்தான். வலி வந்தபிறகு கொடுப்பது முறையல்ல. மணி பார்த்து, வலி தலைதூக்கும் முன்பே அடுத்த வேளையைக் கொடுக்க வேண்டும். இடையில் வலி முட்டினால் கொடுப்பதற்குக் கூடுதல் வேளை ஒன்றையும் மருத்துவர் முன்கூட்டியே எழுதி வைத்திருப்பார். அப்பாவுக்குக் குழாய் இருப்பதால், சாதாரண மாத்திரையை நன்றாகப் பொடித்துத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகக் கொடுக்கலாம். நீண்ட நேரம் வேலை செய்யும் வகை மாத்திரையைப் பொடிக்கவே கூடாது. மொத்த மருந்தும் ஒரேயடியாக உடம்பில் இறங்கிவிடும். "குழாய் இருக்கிறதே, மார்பினை எப்படிக் கொடுப்பீர்கள்?" என்று கேட்டால், விவரம் தெரிந்த செவிலியர் இந்த வேறுபாட்டைத் தாமாகவே சொல்வார். இன்னொன்றையும் சொல்வார்: மார்பின் தொடங்கிய அன்றே மலமிளக்கியும் தொடங்க வேண்டும். மார்பின் எழுதிவிட்டு மலச்சிக்கலுக்கு எதுவும் எழுதாத இடத்தை நான் நம்ப மாட்டேன். எட்டு நாள் வயிறு போகாமல் வீங்கிய வயிற்றோடு துடிப்பவரை, "நோய் முற்றிவிட்டது" என்று சொல்லிவிடுவார்கள். முற்றியது நோயாக இருக்காது.

மார்பின் கொடுத்தால் அடிமையாகிவிடுவார், சீக்கிரம் போய்விடுவார் என்று உறவினர்கள் பயமுறுத்துவார்கள். வலிக்குத் தகுந்த அளவில், மருத்துவர் பார்வையில் கொடுக்கும்போது பொதுவாக இரண்டும் நடப்பதில்லை. முதல் சில நாட்கள் தூக்கக் கலக்கமும் குமட்டலும் இருக்கலாம். பல வாரங்களாகக் கண்மூடாதவர் இரண்டு நாள் தூங்குவதைக் கண்டு குடும்பம் பயந்துபோய் மருந்தை நிறுத்திய வீடுகள் எனக்குத் தெரியும். நல்ல குழு இதை முன்கூட்டியே உட்கார வைத்துச் சொல்லும்.

அடுத்து, கட்டில்களில் இருப்பவர்களைப் பாருங்கள். அவர்களிடமும் உடன் இருப்பவர்களிடமும் அனுமதி கேட்டுவிட்டு, மரியாதையாகப் பாருங்கள். பல நாட்கள் படுத்த படுக்கையாக இருப்பவரின் குதிகால் பல விஷயங்களைச் சொல்லும். குதிகாலுக்கு அடியில் மடித்த துணியோ தலையணையோ வைத்து மெத்தையில் படாமல் தூக்கி வைத்திருக்கிறார்களா? அங்கே சிவந்தோ கறுத்தோ இருக்கிறதா? இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்காத உடம்பில் குதிகாலும் இடுப்பின் அடி எலும்பும்தான் முதலில் புண்ணாகும். காற்று மெத்தை இருப்பது நல்லது. ஆனால் அதைப் போட்டுவிட்டோம் என்று திருப்பாமல் விட்டுவிடும் இடங்களும் உண்டு. கட்டிலின் காலடியில் திருப்பிய நேரத்தைக் குறித்த தாள் தொங்கினால் எடுத்துப் படியுங்கள். காலை ஆறு மணியிலிருந்து இரவு பத்து வரை ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், ஒரே மூச்சில் எழுதியது போல இருந்தால் அது அப்படித்தான் எழுதப்பட்டிருக்கும்.

பிறகு வாயைப் பாருங்கள். உதடு வெடித்து, நாக்கில் வெள்ளைப் படலம் படிந்து, பல்லிடுக்கில் காய்ந்துபோன கஞ்சியோடு ஒருவர் படுத்திருந்தால், அந்த இடத்தில் யாரும் அவரோடு பத்து நிமிடம் உட்கார்வதில்லை என்று பொருள். உங்கள் அப்பாவுக்கு இது மிக முக்கியம். கதிர்வீச்சு வாங்கிய வாயில் எச்சில் சுரப்பதே குறைந்துவிடும். உப்பும் சமையல் சோடாவும் கலந்த தண்ணீரில் துணியை நனைத்து, விரலில் சுற்றி, வலிக்காத பக்கமாக மெல்லத் துடைத்துவிட ஓர் ஆள் வேண்டும். ஏசி அறை இந்த வேலையைச் செய்யாது.

வாசனையையும் கவனியுங்கள். பினாயில் நெடி மூக்கைத் துளைத்தால் எதையோ மூடுகிறார்கள். உங்கள் அப்பாவின் புண்ணில் நாற்றம் வருகிறது என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் வந்துகொண்டிருக்கும், அல்லது வரும். வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பேரப் பிள்ளைகள் பக்கத்தில் வருவது குறையும். அப்பா அதை மற்ற எல்லோருக்கும் முன்பே கவனித்திருப்பார். இதற்கு எளிய வழி உண்டு: மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணின் மேல் தூவிக் கட்டுவார்கள். சில நாட்களிலேயே நாற்றம் குறையும். விலையும் மிகக் குறைவு. "புண் நாற்றத்துக்கு என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால், ஆதரவு சிகிச்சையில் பழகியவர் யோசிக்காமல் இதைச் சொல்வார். திறந்த புண்ணில் ஈ முட்டையிட்டுப் புழு வைப்பதும் நம் ஊர் வெயிலில் நடப்பதுதான். யாருடைய அழுக்கும் அதற்குக் காரணம் இல்லை. அந்தப் பேச்சை எடுக்கும்போது செவிலியரின் முகத்தைப் பாருங்கள். முகம் சுளித்தால், நாளை உங்கள் அப்பாவின் எதிரிலும் அதே முகம்தான் நிற்கும்.

இன்னொரு கேள்வி இருக்கிறது. எழுதவே தயக்கமாக இருக்கிறது. எழுதாமல் விட்டால் உங்களுக்குத் துரோகம் செய்தவளாவேன். கன்னத்திலும் கழுத்திலும் புண்ணாகும் புற்றில் சில நேரம் ரத்தக்குழாய் அரிக்கப்பட்டு, திடீரென நிறைய ரத்தம் வரலாம். எல்லோருக்கும் வருவதில்லை. வந்தால் குடும்பம் அதை வாழ்நாளில் மறக்காது. "அப்படி வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று இரண்டு இடத்திலும் கேளுங்கள். "உடனே ஆம்புலன்ஸில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவோம்" என்பது ஒரு பதில். என் அனுபவத்தில் அது பாதி வழியில், வண்டியின் குலுக்கலில், அன்னியர் நடுவே முடியும். இன்னொரு பதில் இப்படி இருக்கும்: "கட்டிலுக்கு அடியில் கருநீலம் அல்லது மெரூன் நிறத்தில் கனமான துண்டுகள் வைத்திருப்போம். வெள்ளைத் துணியில் ரத்தம் பார்த்தால் நோயாளியும் வீட்டாரும் நடுங்கிவிடுவார்கள். துண்டால் அழுத்திப் பிடிப்போம், பயமும் தவிப்பும் தெரியாதபடி மருந்து கொடுப்போம், கையைப் பிடித்துக்கொண்டு கூடவே இருப்போம்." இந்த இரண்டாவது பதிலைச் சொன்னவர் அந்தக் கட்டில்களின் பக்கத்தில் பல இரவுகள் விழித்திருந்தவர். நீங்கள் எதை முடிவு செய்தாலும், இன்றே இரண்டு கருநிறத் துண்டுகளை வாங்கி வீட்டிலும் வையுங்கள்.

எல்லாக் கட்டிலிலும் குளுக்கோஸ் பாட்டில் தொங்கினால் அதையும் சந்தேகத்தோடு பாருங்கள். பார்க்க வருபவர்களுக்கு அது சிகிச்சை நடப்பது போலத் தெரியும். கடைசி நாட்களில் உடம்பு தண்ணீரை வாங்காது. ஏற்றும் நீர் கை காலில் வீக்கமாகவும் நெஞ்சில் கரகரப்பாகவும்தான் தங்கும்.

காகித விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம், 1997-இன் கீழ் பெற்ற பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். முதியோர் இல்லமாகப் பதிவு செய்துவிட்டு வாசலில் ஹாஸ்பிஸ் என்று பலகை மாட்டுவது வேறு. மருத்துவர் பெயர் என்ன, வாரத்தில் எத்தனை நாள் வருவார், இரவில் பயிற்சி பெற்ற செவிலியர் எத்தனை பேர், உதவியாளர் எத்தனை பேர் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மாதக் கட்டணத்தில் கட்டுத் துணி, மருந்து, டயாப்பர் அடங்குமா, முன்பணம் திரும்ப வருமா, அப்பா பத்தாவது நாளே வீட்டுக்கு வர ஆசைப்பட்டால் மீதி என்ன ஆகும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். "குணமாக்கிவிடுவோம்" என்று சொல்பவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். பார்க்க வருவதற்கு நேரம் வைத்துத் தடுப்பவர்களிடமும் சேர்க்காதீர்கள். உங்கள் மனைவி இரவில் தங்கலாமா, பேரப்பிள்ளைகள் வரலாமா என்று கேளுங்கள்.

இனி அந்த வேனைப் பற்றி. மாதம் இரண்டு முறை என்பது உங்கள் அப்பாவின் புண்ணுக்குப் போதாது. ஆனால் அதை மட்டும் வைத்து அவர்களை ஒதுக்கிவிடாதீர்கள். வீட்டுக்கு வரும் குழு வந்து போவது இரண்டு நாள்தான், மற்ற இருபத்தெட்டு நாளும் உங்கள் மனைவியின் கைதான் வேலை செய்யும். அந்தக் கைக்கு அவர்கள் என்ன கற்றுக் கொடுக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். முதல் நாள் கட்டு மாற்றும்போது செவிலியர் தானே செய்து காட்டி, இரண்டாவது முறை உங்கள் மனைவியைச் செய்யச் சொல்லி அருகில் நிற்கிறாரா? குழாய் அடைத்தால் என்ன செய்வது, கழன்று வந்தால் யாரை அழைப்பது என்று சொல்கிறாரா? மருந்தின் பெயரும் வேளையும் படிக்கிற எழுத்தில் ஒரு நோட்டில் எழுதி வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறாரா? நாங்கள் அப்படி ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருப்போம். அதன் பின் அட்டையின் உட்புறத்தில் மாத்திரைகளையே ஒட்டி, காலைக்குச் சூரியன், இரவுக்கு நிலா என்று வரைந்துவிடுவோம். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகள்கூட ஒரு வேளை தவறாமல் கொடுத்தார்கள்.

அந்த வேனோடு அரசின் சேவையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை மட்டும்தான் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு வலி நிவாரண ஆதரவு சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வந்து தருவது அதன் பகுதி. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பாவின் பெயரைப் பதிவு செய்யுங்கள். வேலூர் சி.எம்.சி.யில் வலி தணிப்புச் சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் இரண்டு நாள் ரயிலில் வந்து அந்தத் தெருவில் அறை எடுத்துத் தங்குகிறார்கள். சுமார் 30 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் நம் குடியாத்தம் ஆட்கள், "டாக்டர் கைவிட்டுவிட்டார், இனி அங்கே என்ன வேலை" என்று போகாமல் இருந்துவிடுகிறார்கள். கைவிடவில்லை தம்பி. போக வேண்டிய அறை மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அப்பாவை அலைக்கழிக்காமல், அறிக்கைகளையும் புண்ணின் புகைப்படத்தையும் எடுத்துக்கொண்டு முதலில் நீங்கள் போய்ப் பேசுங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் விசாரியுங்கள்.

நீங்கள் கடிதத்தில் ஒரே வரியில் கடந்து போன ஒன்று எனக்கு உறுத்துகிறது. "அப்பாவிடம் சொல்லவில்லை" என்கிறீர்கள். நாற்பது வருடம் தறியில் உட்கார்ந்து, ஓடும் நூலில் ஓர் இழை அறுந்தால் சத்தத்திலேயே கண்டுபிடித்த மனிதர், தன் கன்னத்தில் நடப்பது தெரியாமல் இருக்கிறார் என்று நினைக்கிறீர்களா? தெரிந்தே இருக்கும். நீங்கள் வருந்துவீர்கள் என்று அவர் கேட்கவில்லை, அவர் வருந்துவார் என்று நீங்கள் சொல்லவில்லை. எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட வேண்டாம். "உங்கள் உடம்பைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் அப்பா? எதையாவது கேட்க நினைக்கிறீர்களா?" என்று கேட்டுவிட்டு, பேசாமல் உட்கார்ந்திருங்கள். பேச வாய் வராவிட்டால் சிலேட்டும் பல்பமும் கொடுங்கள். கேட்டதற்கு மட்டும் உண்மையைச் சொல்லுங்கள். எந்த இடத்துக்குப் போவது என்பதில் முதல் வாக்கு அவருடையது. நல்ல குழு உங்களை முதன்முதலில் பார்க்கும்போதே, "அப்பாவுக்கு எவ்வளவு தெரியும்? அவர் எங்கே இருக்க விரும்புகிறார்?" என்று கேட்டுவிடும். கேட்காமல் கட்டணச் சீட்டை நீட்டுபவர்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசி நேரத்தைப் பற்றியும் கேட்டுவிடுங்கள். நம் வீடுகளில் வாயில் பால் ஊற்றுவது வழக்கம். பேரணாம்பட்டு, ஆம்பூர்ப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் ஜம்ஜம் தண்ணீர். விழுங்க முடியாதவருக்கு ஊற்றினால் மூச்சுக்குழலில் இறங்கித் திணறிவிடுவார். இதைச் சொல்லி உறவினர்களை அதட்டி வெளியே அனுப்பும் இடங்கள் உண்டு. நான் பார்த்த நல்ல செவிலியர் ஒருவர், பஞ்சைப் பாலில் தொட்டுப் பிழிந்து, "உதட்டில் வையுங்கள் அம்மா, அவருக்குத் தெரியும்" என்று மகளின் கையில் கொடுப்பார். ஒவ்வொருவராக வந்து உதட்டை நனைத்தார்கள். யாருடைய மனமும் குறைபடவில்லை, அவரும் திணறவில்லை. வீட்டிலேயே முடிந்தால், இறப்புக்கான காரணத்தை எழுதிய மருத்துவச் சான்று தருவார்களா என்றும் கேட்டு வையுங்கள். இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய அது உதவும். அந்த நேரத்தில் டாக்டரைத் தேடி அலைவது பெரிய கொடுமை.

எந்த இடம் என்று என் கருத்தைக் கேட்டால், இரண்டு இடத்தையும் நேரில் பார்க்காமல் நான் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஆனால் சாவி, குதிகால், வாய், துண்டு ஆகிய நான்கிலும் இருவரும் ஒரே மாதிரி பதில் சொன்னால், நான் அந்தப் பழைய வீட்டைத்தான் எடுப்பேன். வீட்டுக்கும் வருகிறார்கள், கட்டிலும் வைத்திருக்கிறார்கள். அப்பா தன் திண்ணையில், தறிச் சத்தம் காதில் விழும் இடத்தில் இருக்கலாம். உங்கள் மனைவி களைத்துப்போகும் வாரத்திலோ வலி கட்டுக்கு அடங்காத நாளிலோ அங்கே ஐந்தாறு நாள் சேர்த்துவிட்டுத் திரும்ப அழைத்து வரலாம். அக்காவிடம் இதைச் சொல்லுங்கள். அவள் அப்பாவுக்கு நல்லது வேண்டும் என்றுதான் ஏசி அறையைச் சொல்கிறாள். அந்த மாதக் கட்டணத்தில் அவள் தர நினைத்த பங்கை, பகலில் வீட்டில் வந்து உதவ ஓர் ஆள் வைக்கத் தரச் சொல்லுங்கள். புதுக் கட்டிடம் நான்கிலும் தேறி, அறக்கட்டளை தேறவில்லை என்றால் தயங்காமல் அங்கே சேருங்கள்.

நேரில் போவதற்கு முன் ஒரு வேலை. இன்று இரவு பதினொரு மணிக்கு மேல் இரண்டு இடத்தின் எண்ணையும் அழையுங்கள். அப்பாவுக்கு வலி அதிகமாக இருக்கிறது, என்ன செய்வது என்று கேளுங்கள். யார் எடுத்தார், எத்தனை மணி அடித்தபிறகு எடுத்தார், அப்பாவின் பெயரைக் கேட்டாரா, இப்போது என்ன மருந்து கொடுத்திருக்கிறீர்கள் என்று விசாரித்தாரா, காலையில் திரும்ப அழைத்தாரா என்பதையெல்லாம் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பார்த்துவிட்டு எனக்கு மறுபடியும் எழுதுங்கள்.